உயர்மின் கம்பிக்கு அடியில்: சேர்வராயன் அடிவாரத்திலிருந்து ஒரு விசாரணை

1. கேள்வி எழும் இடம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் சாலை கோரிமேட்டைத் தாண்டி மலையின் காலைத் தொடும் இடத்துக்கு அடிவாரம் என்றே பெயர். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காப்பித் தோட்டங்கள் வந்துவிடும். மலையேறும் பயணிக்கு அடிவாரம் வண்டி நிற்கும் இடம் மட்டுமே. மின்சாரத்துக்கோ இந்தத் தாழ்நிலம்தான் வழி. மேற்கே மேட்டூரில் 1937 முதல் புனல் மின்சாரமும், 1980களின் பிற்பகுதியிலிருந்து அனல் மின்சாரமும் உற்பத்தியாகின்றன. மேட்டூர் அனல்மின் நிலையத்தின் திறன் முதலில் 840 மெகாவாட். பின்னர் 600 மெகாவாட் அலகு ஒன்றும் சேர்ந்தது. கிழக்கே நெய்வேலியில் புறப்படும் 400 கிலோவோல்ட் தடம் சேலம் வழியாகப் பெங்களூரை அடைகிறது. சேர்வராயன், கஞ்சமலை, கல்வராயன் என்று மலைகள் சூழ்ந்த மாவட்டத்தில் கோபுரங்கள் நிற்க எஞ்சுவது சமவெளியும் மேட்டுக்காடும்தான். உழவரின் காடுதோட்டங்களும் அங்கேதான் இருக்கின்றன.

டவர் லைன் போகும் ஊர்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது: “லைனுக்குப் பக்கத்துல குடியிருந்தா கேன்சர் வருமுங்களா?” இதற்கு இரண்டு தயாரான பதில்கள் உண்டு. போராட்டத் துண்டறிக்கைகள் ‘கதிர்வீச்சு கொல்லும்’ என்கின்றன. அதிகாரிகளின் அறிக்கைகள் ‘எல்லாம் சர்வதேச வரம்புக்கு உட்பட்டதே’ என்கின்றன. இரண்டும் கேட்டவரின் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். தொடுவதால் வரும் ஆபத்து, மின்புலத்தால் வரும் ஆபத்து, காந்தப்புலத்தால் வரக்கூடுமோ என்று ஐயுறப்படும் ஆபத்து ஆகிய மூன்றும் வெவ்வேறு. ஒவ்வொன்றைப் பற்றியும் நமக்குள்ள உறுதியின் அளவும் வேறு. மூன்றையும் ‘கதிர்வீச்சு’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்ததால் உறுதியான ஆபத்துகள் பேச்சிலிருந்து நழுவிவிட்டன.

2. இரண்டு புலங்கள்

மின்புலம் மின்னழுத்தத்தால் பிறக்கிறது. கம்பியில் மின்னழுத்தம் இருக்கும்வரை, மின்னோட்டம் ஓடினாலும் ஓடாவிட்டாலும், அது இருக்கும். மீட்டருக்கு இத்தனை வோல்ட் என்று அதை அளக்கிறோம். மரம், சுவர், கூரை, மனித உடல் எல்லாமே அதைத் தடுக்கும். அதனால் கம்பிக்கு அடியில் திறந்த வெளியில் வலுவாக இருக்கும் மின்புலம் வீட்டுக்குள் மிகவும் குறைந்துவிடும்.

காந்தப்புலம் மின்னோட்டத்தால் பிறக்கிறது. ஆலைகளும் பம்புசெட்டுகளும் ஓடும் நேரத்தில் ஏறி, சுமை குறைந்த நேரத்தில் இறங்கும். அதன் அலகு டெஸ்லா. நம் தேவைக்கு அதன் பத்து லட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோ டெஸ்லா போதும். காரைச் சுவரும் செங்கல்லும் அதைத் தடுப்பதில்லை. தொலைவு ஒன்றுதான் அதைக் குறைக்கும்.

நம் தடங்களில் 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டம் ஓடுகிறது. எக்ஸ் கதிரும் காமா கதிரும் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் ஆற்றல் கொண்டவை. மரபணுவின் பிணைப்பை நேரடியாக உடைக்க வல்லவை. 50 ஹெர்ட்ஸ் புலத்துக்கு அந்த ஆற்றலில் கோடானுகோடியில் ஒரு பங்குகூடக் கிடையாது. எனவே கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கும் எக்ஸ்ரே அறைக்கும் பொருந்தும் ‘கதிர்வீச்சு’ என்ற சொல் இங்கே பொருந்தாது. இதைச் சொன்னதும் ‘அப்படியானால் ஆபத்தே இல்லை’ என்று முடித்துவிடுகிறவர்களும் தவறுகிறார்கள். பிணைப்பை உடைக்காமலும் உடலைப் பாதிக்கும் வழிகள் இருக்கக்கூடும். இருக்கின்றனவா என்பதை ஆய்வுதான் சொல்ல வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வது நல்லது. பூமியின் காந்தப்புலம் நம் பகுதியில் சுமார் 40 மைக்ரோ டெஸ்லா. ‘அதிலேயே வாழ்கிறோம், கம்பியின் 1 மைக்ரோ டெஸ்லா என்ன செய்துவிடும்’ என்று கேட்பவர்கள் உண்டு. பூமியின் புலம் நிலையானது. கம்பியின் புலம் நொடிக்கு 50 சுழற்சிகளாகத் திசை மாறுவது. உடலுக்குள் மின்னோட்டத்தைத் தூண்டுவது மாறும் புலம்தான் என்பதால் அந்த ஒப்பீடு பொருந்தாது.

3. குழல்விளக்கு எதைக் காட்டுகிறது

கொங்கு மாவட்டங்களில் உயர்மின் கோபுரங்களுக்கு எதிரான போராட்டம் 2018 டிசம்பரில் தீவிரமடைந்தது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை சுமார் 1,765 கிலோமீட்டருக்கு 800 கிலோவோல்ட் நேர்திசைத் தடம் வந்துகொண்டிருந்தது. அதன் திறன் 6,000 மெகாவாட். அந்த மின்சாரத்தைப் பிரித்தனுப்பப் புகளூரிலிருந்து 400 கிலோவோல்ட் மாறுதிசைத் தடங்களும் திட்டமிடப்பட்டன. அந்தக் காலத்தில் உழவர்கள் இயங்கிக்கொண்டிருந்த உயர்மின் தடத்தின் அடியில் இணைப்பே இல்லாத குழல்விளக்கைக் கையில் பிடித்து நின்றார்கள். விளக்கு எரிந்தது. அந்தக் காட்சியைப் போல மக்கள் மனத்தில் பதிந்த சான்று வேறில்லை.

அதில் பொய் ஏதுமில்லை. 2004இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்கு அருகே ரிச்சர்ட் பாக்ஸ் என்ற கலைஞர் 1,301 குழல்விளக்குகளை மின்தடத்தின் கீழே நட்டுவைத்து ஒரு வயல் முழுவதையும் ஒளிரச் செய்தார். மீட்டருக்குச் சில ஆயிரம் வோல்ட் மின்புலத்தில் நான்கடிக் குழலின் இரு முனைகளுக்கிடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வேறுபாடு உண்டாகிறது. உள்ளேயுள்ள வாயு ஒளிர அது போதும். ஓடும் மின்னோட்டமோ மிகச் சிறியது.

அப்படியானால் அடியில் நிற்கும் மனிதருக்கு என்ன ஆகிறது? மீட்டருக்கு 1 கிலோவோல்ட் மின்புலத்தில் நிற்கும் ஆளின் உடல்வழி நிலத்துக்கு இறங்குவது சுமார் 15 மைக்ரோ ஆம்பியர். 5 கிலோவோல்ட்டில் அது 75 ஆகும். ஷாக்கை உணர ஏறத்தாழ 500 முதல் 1,000 மைக்ரோ ஆம்பியர் வேண்டும். விளக்கு எரிவது மின்புலம் இருப்பதைக் காட்டுகிறது. நோய் வரும் என்பதைக் காட்டவில்லை.

மனித உடலைவிடப் பெரிய உலோகப் பொருள்கள் அதிகமாகச் சேர்க்கும் என்பதுதான் உண்மையில் கவலைப்பட வேண்டியது. ரப்பர் டயரில் நிற்கும் லாரி, தடத்துக்கு இணையாக நெடுந்தூரம் ஓடும் முள்கம்பி வேலி, நிலத்தோடு இணைக்காத தகரக் கூரை ஆகியவற்றைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கும். பெரிய வண்டி வலுவான மின்புலத்தில் நின்றால் அதைத் தொடுபவரின் உடல்வழி ஓடுவது சில மில்லி ஆம்பியர்வரை போகலாம். அது வலிக்கும், ஏணியில் நிற்பவரைக் கீழே தள்ளும். தீர்வு எளிது: வேலியையும் கூரையையும் எர்த் செய்ய வேண்டும். தடம் அமைக்கும் நிறுவனம் தன் செலவில் செய்துதர வேண்டிய வேலை இது. புற்றுநோய் பற்றிய ஆரவாரத்தில் இந்தச் சிறிய, உறுதியான கோரிக்கை கேட்கப்படாமலே போகிறது.

குழல்விளக்குச் சோதனையை மாறுதிசைத் தடத்தின் கீழ் செய்தால்தான் அந்தப் பொருள் கிடைக்கும். 800 கிலோவோல்ட் நேர்திசைத் தடத்தின் இயற்பியல் வேறு. அதன் முழுச் சுமையில் ஓடும் 3,750 ஆம்பியர் உண்டாக்கும் காந்தப்புலம் பூமியின் புலத்தைப் போல நிலையானது, அளவிலும் அதோடு ஒப்பிடத்தக்கது. கீழே நாம் பார்க்கப்போகும் குழந்தைகள் ஆய்வுகள் எவையும் அத்தகைய தடத்தைப் பற்றியவை அல்ல. இரண்டு தடங்களையும் ஒன்றாக்கிப் பேசியது போராட்டத்தின் வாதத்தைப் பலவீனப்படுத்தியது என்றே நான் கருதுகிறேன்.

4. டென்வர் தொடங்கி

புற்றுநோய் அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அது வெறும் வதந்தியில் பிறந்ததன்று. 1979இல் நான்சி வெர்தைமரும் எட் லீப்பரும் அமெரிக்காவின் டென்வர் நகரில் புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் வீடுகளைப் பார்த்து, மிகுந்த மின்னோட்டம் ஓடும் கம்பிகளுக்கு அருகே அவ்வீடுகள் கூடுதலாக இருந்ததாக எழுதினர். 1993இல் சுவீடனின் ஃபைக்டிங்கும் ஆல்பொமும் 220, 400 கிலோவோல்ட் தடங்களிலிருந்து 300 மீட்டருக்குள் வாழ்ந்தவர்களை ஆராய்ந்து, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயோடு ஒரு தொடர்பைக் கண்டனர். பெரியவர்களின் நோய்களுக்கும் பிற புற்றுநோய்களுக்கும் இவ்வளவு சீரான தொடர்பு எங்கும் தெரியவில்லை. ஆகவே கேள்வி குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் என்ற ஒரே நோயில் வந்து நின்றது.

2000இல் ஆல்பொம் குழுவினர் ஒன்பது ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்தனர். 3,247 நோயுற்ற குழந்தைகள். வீட்டின் சராசரிக் காந்தப்புலம் 0.4 மைக்ரோ டெஸ்லாவுக்குக் கீழிருந்தவர்களிடம் கூடுதல் ஆபத்துக்கு அடையாளமில்லை. 0.4க்கு மேலிருந்தவர்களிடம் ஆபத்து இரு மடங்கு. ஆனால் நோயுற்ற குழந்தைகளில் அந்த மேல் வகுப்பில் இருந்தவர்கள் 44 பேர் மட்டுமே. அதே ஆண்டில் கிரீன்லண்ட் குழுவினர் செய்த வேறொரு தொகுப்பில் 0.3 மைக்ரோ டெஸ்லாவுக்கு மேல் 1.7 மடங்கு வந்தது. இவற்றை முன்வைத்தே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2001இல் குறை அதிர்வெண் காந்தப்புலத்தை ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி வகுப்பில் சேர்த்தது. மின்புலத்தைப் பற்றி முடிவெடுக்கச் சான்று போதாது என்று வேறு வகுப்பில் வைத்தது. துண்டறிக்கைகள் 2பி என்பதை ‘நிரூபிக்கப்பட்டது’ என்று வாசிக்கின்றன. அலுவலகங்கள் ‘நிரூபிக்கப்படவில்லை’ என்று மட்டும் வாசிக்கின்றன. ஐயம் தீரவில்லை என்பதே அவ்வகுப்பின் பொருள்.

இதற்குப் பின் வந்தது பிரிட்டிஷ் ஆய்வு. 2005இல் டிராப்பர் குழுவினர் புற்றுநோயுற்ற சுமார் 29,000 குழந்தைகளின் பிறந்த முகவரிகளை எடுத்துக்கொண்டனர். தடத்திலிருந்து 200 மீட்டருக்குள் இரத்தப் புற்றுநோயின் ஆபத்து 1.69 மடங்கு, 200 முதல் 600 மீட்டர்வரை 1.23 மடங்கு. இங்கேதான் சிக்கல். 500 மீட்டர் தொலைவில் தடத்தின் காந்தப்புலம் வீட்டு மின்கம்பிகளின் புலத்தைவிடக் குறைவு. அங்கும் ஆபத்து கூடியதாகத் தெரிந்தால் காரணம் காந்தப்புலமாக இருக்க முடியுமா? 2014இல் அதே வரிசையில் பன்ச் குழுவினர் காலத்தை விரித்துப் பார்த்தபோது 1960களில் தெரிந்த மிகை ஆபத்து பத்தாண்டுக்குப் பத்தாண்டு தேய்ந்து 2000களில் மறைந்தே போயிருந்தது. காந்தப்புலத்தின் இயற்பியல் அந்த ஐம்பதாண்டுகளில் மாறவில்லை. தடத்தருகே குடியிருந்தவர்கள் யார், எப்படி வாழ்ந்தார்கள் என்பது மாறியிருக்கலாம் என்ற விளக்கமே வலுவாகத் தோன்றுகிறது.

சான்றுகளை நான் எடைபோடும்போது காரணத்தொடர்பு இல்லை என்ற பக்கமே தட்டு சாய்கிறது. ஆனாலும் அது முழுதாகச் சாயவில்லை. ஆல்பொம் தொகுப்பின் ஒன்பது ஆய்வுகளும் ஐரோப்பா, வட அமெரிக்கா, நியூசிலாந்து நாடுகளிலிருந்து வந்தவை. சன்னல் திறந்தே இருக்கும் வீடு, வாசலில் உறங்கும் வழக்கம், கம்பிக்கு அடியிலேயே நாளெல்லாம் களையெடுக்கும் வேலை ஆகியவற்றை அந்தத் தரவுகள் பேசுவதில்லை. அளவையும் சொல்லிவிட வேண்டும்: தொடர்பு உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், உலகில் ஓராண்டில் காந்தப்புலத்தால் நேரக்கூடிய குழந்தை இரத்தப் புற்றுநோய்கள் 100 முதல் 2,400 வரை இருக்கலாம் என்று 2007இல் உலக சுகாதார அமைப்பு கணித்தது.

5. ‘வரம்புக்கு உட்பட்டது’ என்ற பதில்

அதிகாரிகள் காட்டும் சர்வதேச வரம்பு எது? அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் 50 ஹெர்ட்ஸில் பொதுமக்களுக்கு 1998இல் 100 மைக்ரோ டெஸ்லா என்று வைத்து, 2010இல் அதை 200 ஆக உயர்த்தியது. மின்புலத்துக்கு மீட்டருக்கு 5 கிலோவோல்ட். இந்த எண்கள் உடனடி விளைவுகளுக்கானவை: நரம்பு தூண்டப்படுவது, கண்ணில் மின்னல் போன்ற ஒளி தோன்றுவது. நீண்டகால நோயைக் கருதி அவை வகுக்கப்படவில்லை. அதற்கான சான்று போதாது என்று ஆணையமே சொல்லித்தான் அதை விலக்கியது. தாயொருத்தி கேட்பதோ 0.4 மைக்ரோ டெஸ்லாவைப் பற்றி. அவளிடம் 200ஐக் காட்டுவது கேட்காத கேள்விக்குச் சொல்லும் பதில்.

தடவழியின் அகலமும் அப்படித்தான். 220 கிலோவோல்ட்டுக்கு 35 மீட்டர், 400 கிலோவோல்ட்டுக்கு 46 மீட்டர். காற்றில் ஆடும் கம்பி மரத்திலோ கட்டடத்திலோ பொறியடிக்காமலிருக்க வகுத்த இடைவெளி அது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 400 கிலோவோல்ட் தடத்தில் மூன்று கம்பிகளும் கிடைமட்டமாக 11 மீட்டர் இடைவெளியில் இருக்கின்றன, 500 ஆம்பியர் ஓடுகிறது என்று கொள்வோம். தடவழியின் விளிம்பான 23 மீட்டரில் காந்தப்புலம் ஏறத்தாழ 3 மைக்ரோ டெஸ்லா. 50 மீட்டரில் 0.8, 70 மீட்டரில் 0.4, 100 மீட்டரில் 0.2. மின்னோட்டம் இரு மடங்கானால் இவையும் இரு மடங்காகும். அப்போது 0.4 என்ற எல்லை 100 மீட்டருக்கு நகர்ந்துவிடும். தடவழிக்கு வெளியே வீடு கட்டியவர் சட்டத்தின் கண்ணில் பாதுகாப்பாக இருக்கிறார். அவர் வீட்டுக்குள் இருக்கும் புலத்தைப் பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை.

ஐயம் தீராத இடத்தில் என்ன செய்யலாம் என்பதற்கு முன்மாதிரிகள் உண்டு. சுவிட்சர்லாந்து புதிய தடங்களுக்கு, மக்கள் நெடுநேரம் தங்கும் இடங்களில், 1 மைக்ரோ டெஸ்லா என்று வைத்தது. இத்தாலி 2003இல் 3 மைக்ரோ டெஸ்லாவை இலக்காக்கியது. நெதர்லாந்து 2005இல் 0.4ஐத் தாண்டும் பகுதிகளில் புதிய வீடுகளையும் பள்ளிகளையும் தவிர்க்குமாறு உள்ளாட்சிகளுக்கு அறிவுறுத்தியது. இவர்கள் நோயை நிரூபித்துவிட்டு இதைச் செய்யவில்லை. செலவு குறைவாக இருக்கும்போது, அதாவது தடம் இன்னும் வரைபடத்தில் இருக்கும்போதே, விலகிச் செல்வது மலிவு என்று கண்டார்கள்.

6. தொட்டால் கொல்வது

இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறப்போர் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் அதிகம். இதில் ஐயத்துக்கு இடமே இல்லை. 2022 ஏப்ரல் 27 அதிகாலை தஞ்சாவூர் களிமேட்டில் அப்பர் விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி, குழந்தைகள் உள்பட 11 பேர் இறந்தனர். சேலத்துக்குப் பக்கத்து மாவட்டமான தர்மபுரியின் கம்பைநல்லூர் அருகே 2023 மார்ச் 18இல் ஏரிக்கரையில் ஏறிய ஆண் யானை தாழ்வாகச் சென்ற மின்கம்பியில் பட்டு இறந்தது. இங்கெல்லாம் கொன்றவை பேரளவு கோபுரத் தடங்கள் அல்ல; ஊருக்குள் ஓடும் பகிர்மானக் கம்பிகள். கோபுரத்தைக் கண்டு அஞ்சும் நாம் தலைக்கு மேல் தொய்ந்து கிடக்கும் கம்பியைப் பழகிப்போய் மறந்துவிடுகிறோம்.

400 கிலோவோல்ட் கம்பி தரையிலிருந்து குறைந்தது 8.84 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். தேங்காய் பறிக்கும் அலுமினியத் துரட்டி, நிமிர்த்திய இரும்பு ஏணி, திருச்செங்கோட்டிலிருந்து வரும் போர்வெல் வண்டியின் தூக்கிய ரிக் ஆகியவை அந்த இடைவெளியை நொடியில் தின்றுவிடும். கம்பியைத் தொட வேண்டியதே இல்லை. நெருங்கினாலே காற்றைத் துளைத்துக்கொண்டு பாயும். கோடை வெயிலிலும் மிகுந்த சுமையிலும் கம்பி சூடேறி மேலும் தொய்யும் என்பதை ரிக் ஓட்டுநர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

7. நிலமும் சட்டமும்

இவ்வளவுக்குப் பிறகும் உழவர் ஏன் புற்றுநோயையே பேசுகிறார்? அவருடைய மற்ற வாதங்களைக் கேட்கச் சட்டத்தில் இடம் குறைவு என்பதே காரணமென நான் நினைக்கிறேன். மின்சாரச் சட்டம் 2003இன் 164ஆம் பிரிவு, 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரங்களை மின்தடம் அமைப்போருக்குக் கொடுத்தது. தந்திக்கம்பி இழுக்க எழுதிய விதியில் நிலத்துக்காரரின் சம்மதம் தேவையில்லை. எதிர்ப்பு வந்தால் ஆட்சியர் உத்தரவிடலாம். இழப்பீட்டில் தகராறு என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். 2016இல் செஞ்சுரி டெக்ஸ்டைல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. தந்திக்கம்பிக்கு அடியில் தென்னை நிற்கலாம். 400 கிலோவோல்ட்டுக்கு அடியில் தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது, காட்டை விற்கப்போனால் விலை படியாது. திங்கட்கிழமை மனுநாளில் ‘என் காட்டின் மதிப்பு போயிற்று’ என்றால் அது ஒருவருடைய இழப்பு. ‘ஊருக்குக் கேன்சர் வரும்’ என்றால்தான் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

2015 அக்டோபரில் மத்திய மின்துறை கோபுரம் நிற்கும் இடத்துக்கு நிலமதிப்பில் 85 விழுக்காடும், கம்பி செல்லும் வழிக்கு அதிகபட்சம் 15 விழுக்காடும் என்று வழிகாட்டியது. 2024 ஜூனில் அவை 200, 30 என உயர்ந்தன. கொங்கு உழவர் கூடுதல் இழப்பீடு கேட்டது நியாயம் என்பதற்கு இந்த உயர்வே போதுமான சாட்சி.

தடத்தைச் சாலையோரமாகப் புதைத்துக் கொண்டுபோகலாமே என்பது அவர்களின் மற்றொரு கோரிக்கை. புகளூரிலிருந்து திருச்சூருக்குச் செல்லும் 320 கிலோவோல்ட் நேர்திசைத் தடத்தில் கேரளத்துக்குள் சுமார் 27 கிலோமீட்டர் நிலத்தடியில்தான் போகிறது. எனவே ‘முடியாது’ என்ற பதில் செல்லாது. நேர்திசையில் அது எளிது, மாறுதிசை 400 கிலோவோல்ட்டில் நெடுந்தூரம் கடினம், இரண்டிலும் செலவு பல மடங்கு என்பதே சரியான பதில். புதைத்தால் மின்புலம் வெளியே வராது, காந்தப்புலம் வரும். கேபிளுக்கு நேர்மேலே அது அதிகமாகவும் இருக்கலாம்; சில மீட்டர் தள்ளினால் விரைந்து குறைந்துவிடும்.

சேர்வராயன் அடிவாரத்திலும் அதைப் போன்ற ஊர்களிலும் அடுத்த தடத்துக்கு அளவைக்கல் நடுவதற்கு முன் மூன்று செய்திகளைக் கிராம சபையின் முன் எழுத்தில் வைக்கச் சொல்லுங்கள்: தடத்தின் முழுச் சுமையில் 25, 50, 100 மீட்டர் தொலைவுகளில் கணக்கிட்ட காந்தப்புலம், எர்த் செய்துதர வேண்டிய வேலிகள், கூரைகளின் பட்டியல், ஒவ்வொரு காட்டுக்கும் உரிய இழப்பீடு. தடம் இயங்கத் தொடங்கியபின் அதே இடங்களில், மின்னோட்டத்தையும் குறித்துக்கொண்டு, ஊரார் முன்னிலையில் அளக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே கம்பிக்கு அடியில் காடு வைத்திருப்பவர்கள் முள்கம்பி வேலியை இந்த வாரமே எர்த் செய்துவிடுங்கள். ரிக் வண்டியை அங்கே நிமிர்த்த விடாதீர்கள்.